காரணம் என்ற பத்தி

ஒரு லிட்டர் விளக்கெண்ணெய், இரண்டாம் தரம்.
வெரோனாவில் பிழிந்தது.
காரணம் என்ற பத்தியில்
மலச்சிக்கல் என்று எழுதச் சொன்னான் கருஞ்சட்டைக்காரன்.
பின்னால் நின்ற இருவரும் சிரித்தார்கள்.
எழுதினேன்.
என் கையெழுத்து அழகானது. அதற்காகவே
மருந்துக்கடை காவல்லீனி என்னை வேலைக்கு வைத்தார்.

பெரியவர்களுக்கு இரண்டு மேசைக்கரண்டி.
குழந்தைக்குக் குறைவாக, தேன் தடவி.
லிட்டர் கணக்கில் குடிப்பது
எந்தப் புத்தகத்திலும் இல்லை.

நவம்பர். போ நதியின் மூடுபனி
கடைவாசல் வரை ஏறி வந்திருந்தது.
சணல் ஊறப்போட்ட குட்டைகளின் நாற்றம்
அறுவடை முடிந்தும் போகவில்லை.

பின்னறை ஜாடியில் மாதிரிக்கு
ஏழு ஆமணக்கு விதைகள்.
புள்ளியும் கோடுமாய், ரத்தம் குடித்த உண்ணி போல.
லத்தீனிலும் அதன் பெயர் உண்ணிதான்.
பொலோஞ்ஞாவில் பரீட்சைக்கு மனப்பாடம் செய்தேன்:
பதினெட்டு கார்பன் அணுக்கள் வரிசையாய்,
பன்னிரண்டாவதன் தோளில் மட்டும்
ஓர் ஆக்சிஜன், ஒரு ஹைட்ரஜன்.
அந்தத் தோள்சுமையால்தான்
இந்த எண்ணெய் மற்ற எண்ணெய்களைப் போல ஓடாமல் தயங்கும்,
சாராயத்தில் கரையும்,
விமான எஞ்சினுக்குள் சூட்டிலும் பிடிவிடாது,
குடலுக்குள் போனால் உலுக்கி எடுக்கும்.

விஷம் வேறு.
அது புண்ணாக்கோடு தங்கிவிடும்.
தோர்ப்பாத் நகரத்து ஆய்வேடு ஒன்று சொன்னது:
ரத்தத்தில் அது பட்டால் சிவப்பணுக்கள்
சந்தைநாள் கூட்டமாய் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்.
ஆகவே, ஐயா,
சுத்தமான எண்ணெய் குற்றமற்றது.
வாய்மொழித் தேர்வில் இப்படிச் சொல்லித்தான்
முப்பதுக்கு முப்பது வாங்கினேன்.

விடியுமுன் எர்மெலீனா கதவைத் தட்டினாள்.
அவள் கணவன் ஒரெஸ்தே, வயல்கூலிகள் கூட்டுறவில் கணக்கெழுதுபவன்.
நாற்காலியில் கட்டினார்களாம். மூக்கைப் பொத்தி,
புனல் வைத்து.
பிறகு சதுக்கத்தில், விளக்குக் கம்பத்தடியில் நிறுத்தி,
ஆறு மணி அடிக்கும்வரை
ஒரு ஜன்னலும் சாத்திவிடாதபடி
கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு
காவல் இருந்தார்களாம்.

முதலில் சோப்புக் கேட்டாள்.
பிறகுதான் மருந்து.
பிஸ்மத் பொட்டலம் கட்டினேன்,
உப்புத் தண்ணீர், அரிசிக்கஞ்சி என்று சொல்லியனுப்பினேன்.
காசை எண்ணி வைத்தாள்.
அந்த லிட்டருக்கு மட்டும்
இன்றுவரை யாரும் காசு தரவில்லை.

ஒரெஸ்தே பிழைத்தான்.
ரொட்டி வாங்கக்கூட இப்போது
ஆற்றங்கரையைச் சுற்றித்தான் போகிறான்.

அடுத்த வாரம் அதே கருஞ்சட்டை. இருமல்.
பனியில் ராத்திரி வேலை அதிகம் என்றான்.
மாத்திரை என் கையால் உருட்ட வேண்டும்.
உரல் முன்னால் இருந்தது,
ஜாடி கை எட்டும் தூரத்தில்.
விதைகளை எண்ணிப் பார்த்தேன். ஏழு.
அவன் போனபிறகு எண்ணினேன். ஏழு.
ஏன் என்று கேட்காதீர்கள்,
அந்தப் பத்தியை நான் நிரப்பப்போவதில்லை.

போகும்போது இன்னொரு லிட்டர் கேட்டான்.
இந்த முறை யாருக்கு என்றேன்,
ரிப்பன் என்ன நிறம் என்று கேட்பதுபோல.
அவனும் அப்படியே சொன்னான்:
வாத்தியார் ஸ்காராமெல்லிக்கு.

கடை மூடுமுன் எடுபிடிப் பையனைக் கூப்பிட்டேன்.
பள்ளிக்கூடத்துப் பின்வழி தெரியுமா? தெரியும்.
சைக்கிளில் விளக்கு ஏற்றாதே.

பிறகு பேரேட்டைப் பின்னால் புரட்டினேன்.
நவம்பர் எட்டு.
குப்பியைத் துடைத்த விரலால் தொட்டிருக்கிறேன் போல,
தாளில் காசளவு எண்ணெய்க்கறை.
மலச்சிக்கல் என்பதை அடித்துவிட்டு
ஒரெஸ்தே என்று எழுதினேன்,
அதே அழகான கையெழுத்தில்.
பேனா கறையில் வழுக்கியது, அழுத்தி எழுதினேன்.

தாளைத் திருப்பினால் அந்த இடம் மட்டும்
கண்ணாடிபோல் தெளிந்திருக்கிறது.
பெயரின் கடைசி எழுத்து
தலைகீழாய் இந்தப் பக்கமும் தெரிகிறது.